அன்றாடத் தண்டால் சவாலை நூறு நாள் அறுபடாமல் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரி நாட்காட்டி மாட்டியிருக்கும் ஆணியில், கிழித்த தாள்கள் சிலவற்றையும் ஒரு கிளிப்பில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அவற்றுள் ஜனவரி 9 ஆம் தேதித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் 31 என்று எழுதியிருக்கும். அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, நாளொன்றுக்கு 100 தண்டால் வீதம் 100 நாள் எடுப்பதென்று புத்தாண்டன்று உறுதி எடுத்துக்கொண்ட சவாலில் என்னுடைய கடைசிக் கணக்கு அதுதான். முதல் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நூறை முடித்தேன். ஐந்தாம் நாள் எண்பதில் நின்றது. ஒன்பதாம் நாள் சட்டைக்குள் கையை நுழைக்கவே வலது தோள் இடம்கொடுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் எட்டுப் பேரில் ஏழு பேர் நிறுத்திவிட்டோம். எட்டாமவர் இளமையில் கபடி ஆடியவர், அவரைக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல.

அதே ஆண்டு சித்திரை முதல் நாளில் மீண்டும் தொடங்கினேன். இம்முறை நான் எனக்குக் கட்டாயமாக்கிக்கொண்டது நாளொன்றுக்கு 4 தண்டால் மட்டுமே. கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தத் தொடர் நூறாம் நாளைக் கடந்தும் அறுபடவில்லை. இடைப்பட்ட மூன்று மாதத்தில் என் கைகள் ஒன்றும் உரம் ஏறிவிடவில்லை; கட்டாய எண்ணை எங்கே வைப்பது என்பதைத்தான் மாற்றினேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே அமைந்தவை.

மல்லர்கள் இடுப்பை உயர்த்தி, உடலை வளைத்து, தரையை உரசுவதுபோல் நெஞ்சை முன்னே செலுத்தி எடுக்கும் தண்டால் வேறு. உடலை ஒரே நேர்க்கோடாக வைத்து ஏறி இறங்கும் புஷ்-அப் வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் தண்டால் என்றே சொல்கிறோம். இங்கே எழுதியிருப்பது இரண்டாவதைப் பற்றி.

தொடங்கும் முன்

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், தோள் அல்லது மணிக்கட்டில் பழைய காயம், சர்க்கரை நோயால் விழித்திரைப் பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். வயது மட்டுமே தடையாகாது. 2016 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடித்த கையோடு பத்துத் தண்டால் எடுத்துக் காட்டிய பாகிஸ்தான் அணித்தலைவர் மிஸ்பா உல் ஹக்குக்கு அப்போது வயது 42.

‘நாற்பது தண்டால் எடுத்தால் மாரடைப்பு வராது’ என்று சுற்றிவரும் செய்தியையும் இங்கேயே பேசி முடித்துவிடலாம். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தீயணைப்புப் பணியில் இருந்த 1,104 ஆண்களைப் பத்தாண்டு காலம் தொடர்ந்து கவனித்து, 2019 இல் வெளியான ஆய்வு. ஒரே மூச்சில் 40 தண்டாலுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10 கூட எடுக்க முடியாதவர்களைவிட இதயநாளப் பாதிப்பு 96 சதவீதம் குறைவாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால், நாற்பது எடுக்கும் அளவுக்கு உடலைப் பேணியவர்களுக்கு மற்றப் பல பழக்கங்களும் நன்றாகவே இருந்திருக்கும். அவர்கள் அனைவரும் ஆண்கள், அனைவரும் உடலுழைப்பு மிகுந்த பணியில் இருந்தவர்கள். தண்டால் அங்கே உடல்நிலையைக் காட்டும் அளவுகோல். அதை மாரடைப்புக்கு மருந்தாக எண்ணிக்கொண்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

முதற்படி: நேர்மையாக அளவெடுத்தல்

ஒரு துண்டை நான்காக மடித்துத் தரையில் வைத்து, அதன்மேல் நெஞ்சு படும்படி இறங்கி, முழங்கை முழுவதும் நீளும்படி ஏறினால் மட்டுமே ஒன்று என்று எண்ணுங்கள். எண்ணுகிற வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளை உட்காரவைத்தேன். நான் இருபது முடித்துவிட்டதாக நினைத்து எழுந்தபோது அவள் விரல்கள் பன்னிரண்டில் நின்றிருந்தன.

“இருபது ஆச்சே, குட்டி.”

“நெஞ்சு துண்டுல படவே இல்லப்பா. அதெல்லாம் செல்லாது.”

ஜனவரியில் நான் எடுத்த நூறில் எத்தனை செல்லும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். உருவம் கலையாமல் எடுக்க முடிந்த கடைசி எண்தான் உங்கள் அளவு. இடுப்பு தொய்ந்த பிறகு, தலை முன்னே குத்தத் தொடங்கிய பிறகு எடுத்தவை எவையும் அதில் சேரா.

இரண்டாம் படி: உங்களுக்கேற்ற உயரம்

தரையில் எட்டுத் தண்டால்கூட ஒழுங்காக வரவில்லையென்றால் தரை உங்களுக்கு இன்னும் உரிய இடமல்ல. ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி மேலே நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 69 சதவீதமும், நெஞ்சு கீழே இறங்கிய நிலையில் ஏறத்தாழ 75 சதவீதமும் கைகளின்மேல் வருகின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு முறையும் 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் இரண்டைத் தள்ளி உயர்த்துகிறார் என்று பொருள். முழங்கால்களை ஊன்றினால் இந்த அளவு மேலே 54 ஆகவும் கீழே 62 ஆகவும் குறைகிறது. கைகளைச் சுமார் 60 செ.மீ. உயரத்தில் ஊன்றினாலோ உடல் எடையில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

எனவே வீட்டு மாடிப்படியைவிடச் சிறந்த பயிற்சிக் கருவி இல்லை என்பேன். கால்கள் கீழ்த்தரையில் இருக்க, கைகளை நான்காம் படியின் விளிம்பில் ஊன்றித் தொடங்குங்கள். அங்கே இருபது எளிதாக வந்ததும் மூன்றாம் படி, பிறகு இரண்டாம் படி, முதற்படி, இறுதியில் தரை. ஒவ்வொரு படிக்கும் சுமை சிறிது சிறிதாகக் கூடுகிறது. முழங்கால் ஊன்றும் முறையைவிட இதையே நான் விரும்புவதற்குக் காரணம், தோள் முதல் குதிகால் வரை உடலை ஒரே பலகையாக இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடுவதுதான். படிக்கட்டு இல்லாத வீட்டில் திண்ணை, சமையலறை மேடை, மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் எதுவும் உதவும். கட்டில் விளிம்பு மட்டும் மெத்தையோடு சேர்ந்து அமுங்குவதால் மணிக்கட்டை வதைக்கும். எந்த உயரத்தில் உங்களால் 8 முதல் 15 வரை ஒழுங்காக எடுக்க முடிகிறதோ அதுவே உங்கள் தொடக்க உயரம்.

மூன்றாம் படி: உருவம்

உள்ளங்கைகளைத் தோள் அகலத்தைவிடச் சற்றே விரித்து, நெஞ்சுக்கு நேராக ஊன்றுங்கள். கழுத்துக்கு நேராக ஊன்றுவதே தோள் வலிக்குப் பெரும்பாலும் முதற்காரணம். விரல்களைப் பரப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் எடையைப் போடாமல், விரல் நுனிகளாலும் தரையைப் பற்றுவதுபோல் அழுத்தினால் மணிக்கட்டின்மேல் விழும் பாரம் குறையும். இறங்கும்போது முழங்கைகள் இரண்டும் சிறகு விரித்ததுபோல் பக்கவாட்டில் போகாமல், விலாவிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் உடலும் கைகளும் அம்புமுனைபோல் தெரிந்தால் சரி, குறுக்குக்கோடு போட்டதுபோல் தெரிந்தால் தவறு.

பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு தொய்ந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் கீழ்முதுகு நினைவூட்டும். பார்வை கைகளுக்கு ஒரு சாண் முன்னே தரையில் இருக்கட்டும். இறங்க இரண்டு நொடி, கீழே ஒரு கணம், ஏற ஒரு நொடி என்ற வேகம் போதும். இறங்கும்போது மூச்சை உள்ளே இழுத்து, ஏறும்போது வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எண்ணுவதற்காகவாவது மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்.

நான்காம் படி: அடி எண்ணும் வளர்ச்சி நாளும்

அன்றாடச் சவால்கள் பெரும்பாலும் ஒரே எண்ணுக்கு இரண்டு வேலையைக் கொடுத்துவிடுகின்றன. நாள்தோறும் தவறாமல் செய்யும் பழக்கத்தை உண்டாக்குவது ஒரு வேலை. தசைக்கு அது இதுவரை காணாத சுமையைக் கொடுத்து வளர்ப்பது இன்னொரு வேலை. பழக்கத்துக்கு எண் சிறிதாக இருக்க வேண்டும், வளர்ச்சிக்குப் பெரிதாக இருக்க வேண்டும். வளர்ச்சிக்குரிய எண்ணை எல்லா நாளுக்கும் கட்டாயமாக்கினால் தசைக்கு ஓய்வு கிடைப்பதில்லை; இரவு பத்து மணிக்குக் கடைசிப் பேருந்தில் வீடு திரும்பும் நாளிலோ மனம் அந்த எண்ணை நினைத்தே மலைத்துப் படுத்துவிடுகிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். உங்கள் அளவில் மூன்றில் ஒரு பங்கை, எப்படியானாலும் 5 ஐத் தாண்டாமல், அடி எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட நாள், விருந்தாளி வந்த நாள், மகிழ்ச்சியான நாள், துக்கமான நாள் எதுவாயினும் அந்த எண்ணிக்கை மட்டும் நடந்தாக வேண்டும். அது நடந்துவிட்டால் அன்றைய சவால் முடிந்தது. அதற்கு மேல் எடுப்பது உங்கள் விருப்பம், கடன் அல்ல.

வளர்ச்சிக்கு வாரத்தில் மூன்று நாளை ஒதுக்குங்கள். இரண்டு வளர்ச்சி நாள்களுக்கு இடையே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். நான் திங்கள், புதன், சனி என்று வைத்திருக்கிறேன். உங்கள் அளவு 12 என்று கொண்டால், முதல் வாரத்தின் வளர்ச்சி நாள்களில் அளவில் பாதியான 6 வீதம் நான்கு சுற்று, மொத்தம் 24. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு. இரண்டாம் வாரம் சுற்றுக்கு 7, மூன்றாம் வாரம் 8. நான்காம் வாரத்தில் எண்ணிக்கையைப் பாதியாக இறக்கிவிட்டு, சனிக்கிழமையன்று மீண்டும் அளவெடுங்கள். இந்த இறக்கத்தைச் சோம்பல் என்று நினைத்துத் தவிர்ப்பவர்கள் ஏராளம், நானும் முதல் சுழற்சியில் தவிர்த்தேன். அளவு 12 இல் இருந்து 13 க்குத்தான் வந்தது. அடுத்த சுழற்சியில் சொன்னபடி இறக்கியபோது 17 வந்தது. ஒருவனின் அனுபவம்தான், ஆயினும் சொல்லிவைக்கிறேன். புதிய அளவில் மீண்டும் பாதியைக் கணக்கிட்டு அடுத்த நான்கு வாரத்தைத் தொடங்க வேண்டும். அளவு 20 ஐத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

வளர்ச்சி நாளில் எந்தச் சுற்றையும் கை நடுங்கிக் கீழே விழும்வரை எடுக்காதீர்கள். இன்னும் இரண்டோ மூன்றோ எடுக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது. ‘நூறு எடுத்தேன்’ என்று சொல்லும் ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. தரையில் அளவு 25 ஐத் தொட்டபின், ஒரு வளர்ச்சி நாளில் காலை முதல் இரவு வரை மணிக்கொரு முறை 10 வீதம் பத்துத் தடவை எடுத்தால் மூச்சு வாங்காமலே நூறு முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்த நேரம், எந்த இடம்

‘நேரம் கிடைக்கும்போது’ என்பது நேரமே அல்ல. நாள்தோறும் எப்படியும் நடக்கும் ஒரு செயலோடு தண்டாலை முடிச்சுப் போட வேண்டும். பல் துலக்கியதும், காலைக் காப்பிக்குப் பால் காயும்போதும், குளிக்கப் போகும் முன்பும் என்று பலருக்குப் பல முடிச்சுகள். நான் நாட்காட்டித் தாளோடு போட்டேன். அன்றைய தண்டாலை எடுத்தால்தான் முந்தைய நாள் தாளைக் கிழிக்கலாம் என்பது விதி. எங்கள் வீட்டில் நல்ல நேரம், இராகு காலம் பார்க்காமல் அம்மா எதையும் தொடங்கமாட்டார். தாள் கிழியாமல் இருந்தால் எட்டு மணிக்குள் “தம்பி, இன்னும் நேத்து தேதியே தொங்குதுடா” என்று குரல் வந்துவிடும். கைப்பேசிச் செயலி எதுவும் இவ்வளவு கறாராக இராது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2010 இல் அச்சான ஓர் ஆய்வில், புதிய செயலொன்று தானாகவே நடக்கும் பழக்கமாக மாற, நடுத்தரமாக 66 நாள் ஆகியிருக்கிறது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு இருந்தது. எனவே 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி, இருபத்திரண்டாம் நாளும் மனம் முரண்டு பிடிக்கிறதே என்று வருந்த வேண்டியதில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு. வியர்வை சொட்டிய டைல்ஸ் தரை வழுக்கும், ஆகையால் கைக்கடியில் கோரைப்பாயோ யோகா விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். பாய் நழுவாமல் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிவைக்கலாம்.

ஆறாம் படி: எழுதிவைத்தல்

கிழித்த தாளின் பின்புறத்தில் மூன்று விவரங்களை எழுதுகிறேன்: எண்ணிக்கை, எந்தப் படியில், உடம்பு எப்படி. மூன்றாவதுதான் பின்னாளில் மிகவும் பயன்படுகிறது. ‘24, 2 ஆம் படி, வலது மணிக்கட்டு’ என்று அடுத்தடுத்து மூன்று தாளில் இருந்தால், வலி பெரிதாகும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

ஏழாம் படி: எந்த வலிக்கு என்ன செய்வது

புதிய சுமைக்குப் பிறகு நெஞ்சிலும் கையின் பின்புறத்திலும் அழுத்தினால் நோகும் வலி இயல்பானது. அது ஒரு நாள் கழித்துத் தொடங்கி, மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். அந்த நாள்களில் அடி எண்ணை வழக்கத்தைவிட இரண்டு படி மேலே கை ஊன்றி எடுத்தால் போதும். மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, இரவில் புரண்டு படுக்கும்போது எழுப்புவது ஆகியவை வேறு வகை. அவற்றோடு போராடக் கூடாது.

மணிக்கட்டு வலிக்கு, கை பின்னோக்கி 90 பாகை மடிவதே காரணமாக இருக்கும். விரல்களை மடக்கிக் குத்துக்கையாக ஊன்றினாலும், புஷ்-அப் கைப்பிடி வாங்கிக்கொண்டாலும் மணிக்கட்டு நேராகிவிடும். தோளின் முன்புறம் வலித்தால் முழங்கைகள் பக்கவாட்டில் விரிகின்றனவா என்று பாருங்கள். கைப்பேசியைத் தரையில் சாய்த்து வைத்து ஒரு சுற்றைப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் குறையாத மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அச்சமூட்டுவதற்காகவே எழுதுகிறேன். பழக்கமில்லாத உடம்பில், அல்லது நீண்ட இடைவெளிக்குப் பிறகு, பந்தயத்துக்காக ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் எடுத்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். கைகள் வீங்கி, மடக்கவோ நீட்டவோ முடியாத அளவுக்கு வலித்து, சிறுநீர் பால் கலக்காத டிகாஷன் நிறத்தில் போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எட்டாம் படி: தள்ளியதற்கு ஈடாக இழுத்தல்

தண்டால் தள்ளும் வேலை. மார்பும் முன்தோளும் மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸும் நாள்தோறும் இறுக, முதுகுப்புறம் சும்மா இருந்தால் தோள்கள் முன்னோக்கிக் கூனத் தொடங்கும். நாளெல்லாம் கணினி முன் குனிந்திருப்பவருக்கு அது ஏற்கெனவே பாதி நடந்திருக்கும். கிணற்றில் ராட்டினக் கயிற்றை இழுத்துக் குடம் குடமாய் நீர் இறைத்த காலத்தில் இந்தக் குறை தானாகவே நிரம்பியது. மோட்டார் வந்தபின் நம் வீடுகளில் எதையும் இழுப்பதற்கே வாய்ப்பில்லை.

எனவே வளர்ச்சி நாள்களில் தண்டால் சுற்றுகளுக்கு இடையே உள்ள ஓய்விலேயே இழுவையையும் செய்துவிடுங்கள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பாதி நீர் நிரப்பிய வாளியை இடுப்புவரை இழுத்து இறக்குவது, கைக்குப் பத்து முறை. பழைய 20 லிட்டர் வாளி பாதி நிரம்பினால் பத்துக் கிலோ. தொங்கிப் புல்-அப் எடுக்கக் கம்பி இருப்பவர்களுக்கு இந்த வாளி தேவையில்லை. கால்களுக்கு அதே நாளில் பஸ்கி 15 வீதம் இரண்டு சுற்று. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதும், முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி வேண்டும் என்பதே. தண்டால் மட்டும் அதை நிறைவேற்றாது.

ஒன்பதாம் படி: தவறும் நாளும் தவறவிட வேண்டிய நாளும்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசிக்குப் பிந்தைய உடல்வலி ஆகியவற்றின்போது அடி எண்ணும் வேண்டாம். தாளில் ‘விடுப்பு’ என்று எழுதிக் கிழித்துவிடலாம். மறதியால் ஒரு நாள் போனால் மறுநாள் இரட்டிப்பாக எடுத்து ஈடுகட்ட முயலாதீர்கள். மேலே சொன்ன லண்டன் ஆய்விலும் ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து விடுவதைத்தான் நான் அனுமதிப்பதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நின்றுபோனால், விட்ட எண்ணில் தொடராமல் புதிதாக அளவெடுத்துத் தொடங்க வேண்டும்.

பயணத்தில் தாள் இராது, முடிச்சு அவிழும். ஆகவே கிளம்பும் முன்பே மாற்று முடிச்சைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரவு இரயிலில் ஊருக்குப் போன ஒரு நாள், விடியற்காலையில் நடைமேடையில் இறங்கியதும், சிமெண்டுப் பெஞ்சின் முதுகில் கை ஊன்றி நான்கை முடித்தேன். அருகில் நின்ற பெரியவர், “மயக்கமா தம்பி, தண்ணி வேணுமா?” என்று பாட்டிலை நீட்டினார்.

பத்தாம் படி: குழுவாகச் செய்தால்

குழு நல்லதுதான், ஆனால் எண்ணிக்கையைப் பகிரும் குழு வேண்டாம். எங்கள் ஜனவரிக் குழுவில் ஒருவர் 120 என்று போட்டதும் மற்றொருவர் 130 போட்டார். அதில் எத்தனை துண்டைத் தொட்டன என்று எவரும் கேட்கவில்லை. இப்போதிருக்கும் குழுவில் நான்கு பேர், அன்றைக்கு முடித்தவர் ஒரு டிக் மட்டும் போடுவார். இரவு ஒன்பது மணிவரை டிக் வராதவரை மற்றவர்கள் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

நூறாம் நாள்

மீண்டும் துண்டை நான்காக மடித்து, எண்ணுகிறவரை உட்காரவைத்து, முதல் நாள் தொடங்கிய அதே படியில் ஒரு முறையும், ஒரு நாள் விட்டுத் தரையில் ஒரு முறையும் அளவெடுங்கள். முதல் எண் வளர்ச்சியைக் காட்டும். இரண்டாவது எண்ணிலிருந்து அடுத்த சுழற்சியைக் கணக்கிடலாம். மகள் எண்ணியபடி தரையில் எனக்கு 23 வந்தது, ஒன்று செல்லாது என்று கழித்துவிட்டாள். அடி எண்ணை அன்று 4 இலிருந்து 5 ஆக்கினேன். அதற்கு மேல் இன்றுவரை ஏற்றவில்லை.